பதிவேடுகளின் பிழையும் தரவு அகழ்வின் வரலாறும்

ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து அச்சேற்றிய நம் முன்னோர் எதிர்கொண்ட இடர் பலரும் அறிந்ததே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த காலத்தில், ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒன்றோடொன்று ஒப்பிட்டே பாடங்களைத் துணிந்தார். ஒரு பிரதியில் ஏடெழுதினோன் விட்ட பிழையை மற்றொரு பிரதி காட்டிக்கொடுக்கும். ஆனால் பிறப்பு இறப்புப் பதிவேடு, குடிசன மதிப்பீட்டுப் படிவம், வைத்தியசாலைக் குறிப்பு, பாடசாலைச் சேர்வு இடாப்பு முதலியவற்றுக்கு ஒப்புநோக்குதற்குரிய இரண்டாம் பிரதி பெரும்பாலும் இல்லை. எழுதுவோன் ஒருமுறை எழுதினான், அவ்வளவே. அதிற் பிழை உண்டோ இல்லையோ என்பதை எங்ஙனம் அறிவது?

இவ்வினாவுக்கு மக்கள் கண்ட விடை வியப்புக்குரியது. தனித்தனியே நோக்கும்போது குற்றமற்றனவாய்த் தோன்றும் பதிவுகள், பல்லாயிரமாகத் திரட்டி ஒருங்கே நோக்கப்படும்போது தம் குற்றத்தைத் தாமே வெளியிடுகின்றன. இக்காலத்தில் கணனி அறிஞர் தரவு அகழ்வு என்றும், எழுத்துருவில் உள்ளவற்றைப் பொறுத்தவரை உரை அகழ்வு என்றும் வழங்கும் முறைகளைத் தகவல் முறைமைகளின் தரத்தை உயர்த்துதற்குப் பயன்படுத்துவது இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டே. பெயர் புதியது, தொழில் முந்நூற்றறுபது ஆண்டுப் பழைமை உடையது. அதன் வரலாற்றுட் சில கட்டங்களை இங்கு நோக்குவாம்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் வாரந்தோறும் இறப்புப் பட்டியல் ஒன்று வெளிவந்தது. கொள்ளைநோய் நகரை அணுகுகின்றதா என்று அரசும் செல்வரும் அறிந்துகொள்ளுதல் அதன் நோக்கம். 1603 ஆம் ஆண்டு தொடக்கம் அப்பட்டியல் இடையறாது வெளிவந்தது. ஒருவர் இறந்தால் கோயில்மணி ஒலிக்கும், கோயிற்பற்றினால் நியமிக்கப்பட்ட மூதாட்டியர் பிணத்தைப் பார்வையிட்டு, இன்ன நோயால் இறந்தார் என்று கோயில் எழுதுவினைஞரிடம் கூறுவர், அவர் எழுதிக்கொடுப்பார். வியாழக்கிழமைதோறும் பட்டியல் வாடிக்கையாளர் கைக்குச் சேரும். வாங்கியோர் அடிவரியில் உள்ள கூட்டுத்தொகையைப் பார்ப்பர். விநோதமான மரணம் ஏதும் உண்டாயின் அடுத்தவரோடு பேசிக்கொள்வர். பின்னர் தாளை எறிந்துவிடுவர்.

யோன் கிரான்ற் என்பார் அதனை எறியவில்லை. அவர் பல்கலைக்கழகம் கண்டவரல்லர்; இலண்டனிற் சிறுபொருள் விற்ற வணிகர். பல ஆண்டுப் பட்டியல்களைச் சேகரித்து, நிரல்படுத்தி, கடைக்கணக்குப் பார்க்கும் கண்ணோடு ஆராய்ந்து, 1662 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மக்கட்டொகைப் புள்ளிவிபரவியலின் முதல் நூல் அதுவே என்று பலரும் கொள்வர். அவ்வாறு போற்றுவோர் பெரும்பாலும் அவர் கண்ட முடிபுகளையே எடுத்துக்கூறுவர். என் நோக்கில், அந்நூலின் சிறப்புப் பகுதி தம் மூலத்தைத் தாமே சந்தேகித்த இடங்களே.

ஓரெடுத்துக்காட்டு: 1625 ஆம் ஆண்டு இலண்டனிற் பெருங் கொள்ளைநோய். அவ்வாண்டு அந்நோயால் இறந்தோர் 35,417 பேர் என்று பட்டியல் கூறிற்று. பிற நோய்களால் இறந்தோர் 18,848 பேர். முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளிற் பிற நோய்களால் இறந்தோர் ஏழாயிரம் அல்லது எண்ணாயிரம் பேரே. கொள்ளைநோய் பரவிய ஆண்டில் ஏனைய நோய்களும் இருமடங்குக்கு மேற் பெருகினவோ? அதற்கு யாதொரு காரணமும் இல்லை. ஆகவே, ஏறத்தாழப் பதினோராயிரம் பேர் கொள்ளைநோயாலேயே இறந்து, வேறு நோயின் பெயராற் பதியப்பட்டனர் என்று கிரான்ற் துணிந்தார். வீட்டில் ஒருவர் அந்நோயால் இறந்தார் எனத் தெரிந்தால் வீடு முழுவதும் அடைத்துப் பூட்டப்படும் காலம் அது; உண்மையை மறைத்தற்கு ஏது உண்டு. அவர் எந்தப் பிணத்தையும் தோண்டிப் பார்க்கவில்லை. ஒரு நிரலின் பிழையை மற்றொரு நிரல் அவருக்குக் காட்டிற்று.

மேகநோயின் செய்தி இன்னுஞ் சுவையானது. நகரில் அந்நோய் மிகப் பரவியிருந்தும், பட்டியலில் அதனால் இறந்தோர் மிகச் சிலர். அச்சிலரும் பெரும்பாலும் இரண்டு கோயிற்பற்றுகளிலிருந்தே வந்தனர். நோய்க்குக் கோயிற்பற்றின் எல்லை தெரியாது. ஆதலின் வேறுபாடு நோயில் இல்லை, எழுதியதிலேயே உள்ளது என்று அவர் கண்டார். ஒரு குவளை மதுவும் வழக்கமான கூலியின் இரட்டிப்பும் பெற்ற மூதாட்டியர் அத்தகைய பிணங்களைச் சயரோகக் கணக்கிற் சேர்த்துவிடுவர் என்பது அவர் கூறும் விளக்கம். அக்கிழவியரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எளிய கூலிக்குத் தொற்றுநோய்ப் பிணங்களைப் பார்வையிடும் தொழில் அவருடையது. இறந்தவரின் மானத்தைக் காப்பாற்ற உறவினர் மன்றாடும்போது அவர் வேறென் செய்வார்? எனினும் பதிவின் பிழைக்குப் பின்னே பெரும்பாலும் இத்தகைய மனித காரணம் ஒன்று இருத்தலை மறத்தலாகாது.

கிரான்ற் தொட்டது எண்ணின் பிழையை. சொல்லின் பிழையைத் தொட்டவர் வில்லியம் பார். இங்கிலாந்தில் அரசாங்கமே பிறப்பு இறப்புகளைப் பதியும் முறை 1837 இல் தொடங்கிற்று. இரண்டாண்டின் பின் அவ்வலுவலகத்திற் சேர்ந்த பார், மருத்துவர் எழுதியனுப்பிய காரணங்களைப் பார்த்துத் திகைத்தார். ஒரு நோய்க்கே மூன்று நான்கு பெயர். ஒரு பெயரே பல நோய்களுக்கு. நோயின் பெயரை விட்டு அதன் விளைவை மட்டும் எழுதியோரும் பலர். அளவைகளும் நிறைகளும் பௌதிகவியலுக்கு எத்துணை இன்றியமையாதனவோ அத்துணை இன்றியமையாதது நோய்ப்பெயரின் ஒழுங்கு என்று கருதி, அவர் நோய்களை வகைப்படுத்தும் அட்டவணை ஒன்றை ஆக்கினார். 1893 இற் பிரெஞ்சுக்காரராகிய பேர்ட்டியோன் முன்வைத்த அனைத்துலக அட்டவணையும், இன்று எல்லா நாடுகளும் கைக்கொள்ளும் நோய் வகைப்பாடும் இவ்வழி வந்தனவே. மருத்துவர் எழுதிய சொற்றொடரைப் படித்து, பல காரணங்களுள் அடிப்படைக் காரணம் இன்னதென்று தெரிந்தெடுக்கும் பணியை 1968 முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கணனியிடம் ஒப்படைக்கத் தொடங்கினர். முதலிற் சொல்லை எண்ணாக மாற்றுவோர் மனிதராகவே இருந்தனர். பின்னரே சொல்லைப் படிக்கும் வேலையும் பொறிக்குச் சென்றது. உரை அகழ்வு என்று இன்று பேசப்படுவதன் பயன்மிக்க கிளை ஒன்று இவ்வாறு மரண விசாரணைத் தாள்களிலிருந்து முளைத்ததை நம்மிற் பலர் அறியார்.

வயதுக் கணக்கில் நேரும் பிழையும் இங்கே குறிப்பிடற்பாலது. வயதை நன்கறியாதோர் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று முழு எண்ணாகக் கூறுவர். இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் பழைய குடிசன மதிப்பீடுகளில் இவ்வயதுகள் மலைச்சிகரம் போல உயர்ந்து நிற்கும். 23 முதல் 62 வரையான வயதினருள் 0, 5 என்னும் இலக்கங்களில் முடியும் வயதினர் ஐந்தில் ஒரு பங்கினராய் இருத்தலே இயல்பு. அதன் மேற்பட்ட அளவே பிழையின் அளவு. அமெரிக்கராகிய விப்பிள் வகுத்த இச்சுட்டெண்ணின்படி பிழையில்லாத கணக்கு 100. எல்லோரும் முழு எண்ணே கூறினால் 500. எந்த மனிதர் பொய் கூறினார் என்று இது காட்டாது. அந்த ஏட்டை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும்.

இனி, துளை அட்டையின் காலத்துக்கு வருவாம். 1890 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் ஏர்மன் ஒல்லரித் அமைத்த மின்பொறி பயன்பட்டது. ஒரு மனிதனுக்கு ஓர் அட்டை. அவன் வயது, பால், நிறம், மணநிலை முதலியவை அட்டையில் உரிய நிரலில் இடப்படும் துளைகள். ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களை இவ்வாறு பொறி எண்ணிற்று. அறுபது ஆண்டின் பின்னும் முறை அடிப்படையில் அதுவே. 1951 இல் அந்நாட்டுக் குடிசன அலுவலகம் யூனிவாக் என்னும் மின்னணுக் கணனியைப் பெற்றதாயினும், 1950 ஆம் ஆண்டின் கணக்கிற் பெரும்பகுதி துளை அட்டைகளாலேயே முடிந்தது. மக்கட்டொகை பதினைந்து கோடி. அத்தனை பேருக்கும் அட்டை துளைத்தவர் மனிதரே.

அக்கணக்கின் அச்சிட்ட அட்டவணைகளைப் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து அறிஞர் இருவர், ஆன்சிலி கோல், பிரெடெரிக் ஸ்டீபன் என்போர், படித்துக்கொண்டிருந்தனர். பதினான்கு வயதில் மனைவியை இழந்த ஆண்கள் 1,670 பேர் என்று ஓரிடத்திற் கண்டனர். பதினான்கு வயதிலே மணஞ்செய்வதே அந்நாட்டில் அரிது. மணந்து மனைவியை இழந்தும் விட்டோர் இத்தனை பேரோ? அதனினும் விசித்திரம், பதினைந்து வயதில் அவர் தொகை குறைகின்றது. பதினாறில் மேலும் குறைகின்றது. இருபத்திரண்டு வயது வரும்வரை, பதினான்கு வயதில் இருந்த தொகையை எட்டவேயில்லை. வயது ஏற ஏற மனைவியை இழந்தோர் தொகை ஏறுதலன்றோ உலகியல்பு? இன்னொரு பக்கத்திலே, அந்நாளில் இந்தியர் என்று பதியப்பட்ட அமெரிக்கப் பழங்குடி ஆண்மக்கள், பத்து முதற் பதினான்கு வயதிலும் இருபது முதல் இருபத்துநான்கு வயதிலும் அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டனர். இடைப்பட்ட வயதினரிடை அம்மிகை இல்லை.

இரு விசித்திரங்களும் ஒரே வேரில் எழுந்தவை என்று அவ்விருவரும் ஊகித்தனர். அட்டை துளைத்தவர் எங்கோ கைதவறி ஒரு நிரல் வலப்புறம் தள்ளித் துளைத்திருந்தால் யாது நிகழும்? பாலைக் குறிக்கும் இலக்கம் வயதின் பத்தாம் தானத்தில் விழும். வயதின் பத்தாம் தானத்து இலக்கம் ஒன்றாந் தானத்துக்குப் போகும். ஒன்றாந் தானத்து இலக்கம் மணநிலை நிரலில் விழும். ஆணுக்குரிய இலக்கம் ஒன்று. எனவே நாற்பதுகளில் உள்ள ஓர் ஆண் பதினான்கு வயதுச் சிறுவனாவான். ஐம்பதுகளில் உள்ளவன் பதினைந்து வயதினன். அறுபதுகளில் உள்ளவன் பதினாறு வயதினன். நாட்டில் நாற்பதுகளில் உள்ளோரினும் ஐம்பதுகளில் உள்ளோர் குறைவு, அறுபதுகளில் உள்ளோர் இன்னுங் குறைவு. பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று தொகை இறங்கிச் சென்றதன் மருமம் இதுவே. குடும்பத் தலைவனுக்கு இன்ன உறவு என்பதைக் காட்டும் இலக்கமும் அங்ஙனமே இனத்தைக் குறிக்கும் நிரலிற் புகுந்து, வீட்டுப் பிள்ளைகளைப் பழங்குடியினராக்கிற்று. வெள்ளையரைக் குறிக்கும் இலக்கம் பாலுக்குரிய நிரலிற் புகுந்ததால் மகளிரும் ஆண்களாயினர். பெண்ணுக்குரிய இலக்கமாகிய இரண்டு வயதின் பத்தாம் தானத்தில் நின்றதால் அவர் இருபது வயதிற்கு மேற்பட்டோராய்க் கணக்கில் ஏறினர்.

மாணவர் இவ்விடத்தில் ஒரு தாளை எடுத்து, தம் வயதையும் தந்தையார் வயதையும் எழுதி ஒரு தானம் தள்ளிப் பார்ப்பாராக. வகுப்பிலே இதனைச் செய்துகாட்டியபோது, நாற்பத்தேழு வயதுத் தந்தை பதினான்கு வயது மைந்தனானதைக் கண்டு பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் உண்டு.

கோலும் ஸ்டீபனும் ஓர் அட்டையைக்கூடக் கண்ணாற் காணாது, வெளியிடப்பட்ட அட்டவணைகளைக் கொண்டே இவ்வளவையும் துணிந்து, 1962 இல் அமெரிக்கப் புள்ளிவிபரக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினர். துப்பறியும் கதைக்கு இடுவது போன்ற தலைப்பொன்றையும் அக்கட்டுரைக்கு இட்டனர். தவறிய அட்டைகள் மொத்தத்தின் மிகச் சிறு பங்கு. வெள்ளையர் கணக்கில் அது கடலிற் கரைத்த உப்பு. பழங்குடியினர் தொகை சிறிது. அங்கே அச்சிறு பிழை மலையாயிற்று. பெருந்தொகையினரின் ஏட்டில் நேரும் அற்பப் பிழை சிறுதொகையினரின் உருவத்தையே மாற்றிவிடக்கூடும் என்பது, சிறுபான்மையினராய் வாழும் நாம் ஊன்றிக் கருதவேண்டியது.

ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவில் வேறொரு முயற்சி நடந்தது. கதிர்வீச்சினாற் பரம்பரைக் கேடு நேருமோ என ஆராய விரும்பிய நியூகோம் என்னும் மரபியலறிஞருக்கு, பிறப்புப் பதிவையும் விவாகப் பதிவையும் குடும்பம் குடும்பமாக இணைக்கவேண்டியிருந்தது. பெயரோ ஓரேட்டில் ஒருவிதமாகவும் மற்றதில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. 1918 இல் உரிமைப்பதிவு பெற்ற ஒலிக்குறி முறை ஒன்றினை அவர் பயன்படுத்தினார்; பெயரின் முதலெழுத்தை நிறுத்தி, எஞ்சிய மெய்யெழுத்துகளுக்கு இனத்துக்கோர் எண்ணிட்டு, உயிரெழுத்துகளை நீக்கிவிடுவது அம்முறை. அதன்மேல் இன்னொரு நுட்பமும் சேர்த்தார்: அரிய பெயர் இரண்டு ஏட்டிலும் ஒத்துவருமாயின் இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று வலிது, பலருக்கும் உள்ள பெயராயின் சான்று மெலிது. 1959 இல் அவரும் துணைவரும் வெளியிட்ட இம்முறைக்கு, பத்தாண்டின் பின் பெலகி, சண்டர் என்னும் இருவர் கணித அடிப்படை வகுத்தனர். ஒரே மனிதர் இருமுறை பதியப்படுதல், இருவர் ஒருவராக மயங்குதல் ஆகிய குற்றங்களைக் களைதற்கு இன்றும் அதுவே அடித்தளம்.

நம்மவர் பெயரை இம்முறையில் இட்டுப்பார்த்தால் இடர் தோன்றும். ஞானசேகரம் என்னும் பெயரை ஆங்கிலத்தில் ஜி எழுத்திட்டுத் தொடங்குவாரும் உளர், என் எழுத்திட்டுத் தொடங்குவாரும் உளர். முதலெழுத்தை மாற்றாது நிறுத்தும் முறைக்கு இவ்விருவரும் ஒருபோதும் ஒருவராகார். தந்தை பெயர் முன்னே வருவதும், தலையெழுத்தாகச் சுருங்குவதும், விவாகத்தின் பின் பெண்ணின் தலையெழுத்து மாறுவதும் வேறு. அண்மையிற் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். இடப்பெயர்வின்போது கைவிட்டுப்போன சான்றிதழின் பிரதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருந்தார். பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டதால் அப்படி ஒருவர் இல்லை என்று விடை வந்தது. பழைய சேர்வு இடாப்பில் அவர் பிறந்த திகதியும் தந்தை பெயரும் கிராமமும் பொருந்தி நின்றன. நான் அன்று விரலால் வரிவரியாய்த் தேடிச் செய்தது நியூகோம் பொறிக்குக் கற்பித்ததே: ஓர் எழுத்தின் வேற்றுமையை மற்ற மூன்றின் ஒற்றுமையோடு நிறுத்துப் பார்த்தல். அலுவலகத்தின் முறைமை எழுத்துக்கு எழுத்து ஒத்தாலன்றி ஏற்காது.

தரவு அகழ்வு என்னும் துறை தனித்துறையாக உருக்கொண்டது 1989 இல், அமெரிக்காவின் டிற்றோயிற் நகரில் நிகழ்ந்த ஆய்வரங்கின் பின்னர் எனலாம். 1993 இல் அகர்வாலும் துணைவரும் அங்காடிக் கொள்வனவுகளை ஆராய்தற்கு ஒரு முறை வகுத்தனர். இன்ன பொருள் வாங்குவோர் பெரும்பாலும் இன்னதும் வாங்குவர் என்ற விதிகளைப் பொறி தானே கண்டுபிடிக்கும். வணிகருக்கு விதி வேண்டும். ஏட்டின் தரம் பேணுவோருக்கு வேண்டுவது விதியை மீறும் பதிவு. நூறாயிரம் பதிவுகளிற் பதினான்கு வயதினர் எல்லோரும் மணமாகாதோராய் இருக்க, ஒருவன் மட்டும் மனைவியை இழந்தவனாய் நின்றால், அப்பதிவைப் பொறி சுட்டிக்காட்டும். கோல், ஸ்டீபன் ஆகியோரின் கூர்மதிக்குச் சிக்கிய ஒன்று இவ்வாறு நாள்தோறும் நிகழும் பணியாயிற்று. 2001 இல் ஜெர்மானிய ஆய்வாளர் இதற்குத் தரவுத் தர அகழ்வு என்று பெயரும் இட்டனர். தரம் என்பது பிழையின்மை மாத்திரமன்று. காலத்துக்கு ஏற்றதாய், முழுமையாய், பயன்கொள்வோர்க்கு விளங்குவதாய் இருத்தலும் தரமே என்று 1996 இல் வாங், ஸ்ட்ரோங் என்போர் விளக்கினர்.

இவ்வளவும் கூறியபின், எதிர்ப்பக்கத்தையும் கூறாதுவிடுதல் நேர்மையாகாது. இயல்புக்கு மாறானதெல்லாம் பிழையோ?

அந்தாட்டிக்காவின் மேலுள்ள ஓசோன் படலத்தை 1978 இல் ஏவப்பட்ட நிம்பஸ் 7 என்னும் அமெரிக்கச் செய்மதி அளந்துவந்தது. 180 அலகுக்குக் குறைந்த அளவு எதுவும் இதற்குமுன் எவராலும் காணப்படாதது. ஆகவே அத்தகைய அளவுகளைப் பிழையென ஐயுற்றுக் குறியிட்டு ஒதுக்கும்படி கணனி நிரல் அமைக்கப்பட்டிருந்தது. 1983 இல் அத்தகைய அளவுகள் குவியத் தொடங்கின. ஆய்வாளர் அவற்றைத் தென்துருவத்துத் தரைநிலையத்தின் அளவோடு ஒப்பிட்டனர். நிலையமோ ஏறத்தாழ 300 என்று காட்டிற்று. செய்மதியிலேதான் கோளாறு போலும் என்ற ஐயம் வலுத்தது. உண்மையிற் பிழைபட்டது நிலையத்தின் அளவே! இதற்கிடையில், 1950களின் பிற்பகுதி முதல் ஹலி விரிகுடாவில் எளிய கருவியொன்றால் அளந்துவந்த பிரித்தானியர், பார்மன், கார்டினர், சாங்ளின் ஆகிய மூவர், வசந்தகால ஓசோன் ஆண்டுக்காண்டு குறைந்துவருதலை 1985 மே மாதத்தில் உலகுக்கு அறிவித்தனர்.

செய்மதியின் கணனி உண்மையைக் குப்பையில் எறிந்துவிட்டது என்று ஒரு கதை பரவி, பாடநூல்களிலும் ஏறிற்று. அது சரியன்று. குறியிடப்பட்ட அளவுகள் அழிக்கப்படவில்லை. குறியோடு ஒதுக்கிவைக்கப்பட்டே இருந்தன. ஆதலினால் அவற்றை மீண்டும் எடுத்துப் படிக்க முடிந்தது. ஹலி விரிகுடாவின் மேல் மட்டுமன்றி, கண்டம் முழுவதின் மேலும் படலம் மெலிந்திருத்தலை 1986 இல் அவர்கள் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு செப்தெம்பரில் மொன்றியல் நகரிலே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.